ஆள் திருநெல்வேலியில், வேலை கோத்தகிரியில்

போன இதழில் இந்தப் பக்கத்தின் அடியில், ஆளுக்கொரு ஊரில் இருக்கும் குழுவை வைத்து வேலை நடத்துவது பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்துக் கடிதங்கள். ஆச்சரியம் இல்லை. 2020 லாக்டவுனில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லேப்டாப்போடு மலை ஏறி வந்தவர்களில் சிலர் அப்புறம் இறங்கவே இல்லை. அதில் நானும் ஒருத்தன். கோத்தகிரியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒன்பது பேர் குழுவை நடத்துகிறேன், ஒருத்தர்கூட இந்த மாவட்டத்தில் இல்லை. ஆகவே படித்ததைவிடப் பட்டதைத்தான் அதிகம் எழுதப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: சின்னதாக வெப்சைட், மொபைல் ஆப் செய்து தரும் தொழில் நடத்துகிறேன். ஆறு பேர், கோவை, திருநெல்வேலி, ஓசூர் என்று ஆளுக்கொரு திசை. யார் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர்கள் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்து அனுப்பும் சாஃப்ட்வேர் இருக்கிறதாமே, போட்டுவிடலாமா சார்?
- வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் சார். நீங்கள் அதைப் போட்ட மறுவாரமே, மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கும் குட்டிக் கருவி ஒன்று உங்கள் ஆட்களில் ஒருவர் மேசைக்கு வந்து சேரும். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது. நீங்கள் படம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், அவர் வேறு படம் பார்த்துக்கொண்டிருப்பார்.

குன்னூர்க்காரர் என்பதால் தேயிலையை வைத்தே சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறிக்க வருபவர்களிடம் எத்தனை மணி நேரம் செடிக்குள் நின்றீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. மாலையில் எடை போடுகிறோம், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சரி, நேரத்தைப் பார்க்காமல் கிலோவைப் பார்த்தால் போதுமா என்றால் அதுவும் போதாது. கிலோ மட்டும்தான் கணக்கு என்று ஆகிவிட்டால் கை முற்றிய இலைக்கும் காம்புக்கும் போகும், எடை ஏறும், ஃபேக்டரிக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார். அதனால்தான் இரண்டு இலை ஒரு மொட்டு என்று ஒரு பேச்சு முதலிலேயே இருக்கிறது. எவ்வளவு என்பதற்கு முன்னால் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் குழுவில் அந்தப் பேச்சு இல்லை என்பது என் ஊகம். "லாகின் பக்கம் முடிஞ்சது" என்று ஓசூரில் இருப்பவர் சொல்கிறார். அவர் கணக்கில் அது அவருடைய கம்ப்யூட்டரில் ஓடுகிறது. உங்கள் கணக்கில் அது வாடிக்கையாளரிடம் காட்டத் தயார். நடுவில் நாலு நாள் வேலை கிடக்கிறது. தப்பான பாஸ்வேர்ட் போட்டால் என்ன சொல்லும், சின்னத் திரை போனில் பட்டன் தெரிகிறதா, இன்னொருவர் ஓட்டிப் பார்த்தாரா, இதையெல்லாம் சேர்த்துத்தான் "முடிந்தது" என்று வேலையைக் கையில் கொடுக்கும்போதே மூன்று வரி எழுதிக் கொடுங்கள். பாதியில் சொன்னால் அது சண்டை.

அப்புறம் வேலையை நறுக்குங்கள். இரண்டு நாளுக்கு மேல் போகிற எந்தத் துண்டும் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். "பேமென்ட் பகுதி, மூன்று வாரம்" என்று ஒரே வரியாக எழுதினால் பதினெட்டாம் நாள் வரைக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு ஆளின் பெயர். இரண்டு பேர் பெயர் போட்டால் அது யாருடைய வேலையும் இல்லை. காலையில் ஆளுக்கு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: நேற்று எதை முடித்தேன், இன்று எது, எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது வரிதான் முக்கியம், அதைப் படித்துவிட்டு அன்றைக்கே ஏதாவது செய்யுங்கள். செய்யவில்லை என்றால் பத்தாவது நாளில் அந்த வரியை யாரும் எழுத மாட்டார்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் இரண்டு நாள் துண்டை எட்டு நாள் இழுத்தார் என்றால், அவரிடம் என்ன பேசவேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும், திரைப் படம் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் குழுவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, எல்லாமே அதில்தான். அது போதாதா? இல்லை, எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்களேன்.
- வாசகர், ஊட்டி

பதில்: ஒரே வார்த்தையில் என்றால், பட்டியல். வேலைப் பட்டியல் போடுவதற்கென்றே இருக்கும் ட்ரெல்லோவில் போடுங்கள், ஜிராவில் போடுங்கள், சாதாரண கூகுள் ஷீட்டில் போடுங்கள், பத்துப் பேருக்குள் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோரும் பார்க்கிற ஒரே இடமாக இருக்க வேண்டும், இரண்டு இடம் ஆகக் கூடாது.

வாட்ஸ்அப் போதாது. காலையில் எடுத்த முடிவு மாலைக்குள் பிறந்தநாள் வாழ்த்துக்கும் குட் மார்னிங் ரோஜாவுக்கும் அடியில் புதைந்துவிடும். என் கதை ஒன்று. ஒரு கடைக்கு ஆர்டர் எடுக்கும் ஆப் செய்துகொண்டிருந்தோம். கடைக்காரர் போன் செய்தார், நான் தொட்டபெட்டா ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பேசினேன். "டெலிவரி சார்ஜ் வேண்டாம் தம்பி, எடுத்துடுங்க" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து டிசைன் செய்கிற பெண்ணிடம் சொன்னேன், ஆப்பின் உள்ளே பில் கணக்குக்குப் புரோகிராம் எழுதுகிற பையனிடம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பெண் திரையிலிருந்து எடுத்துவிட்டாள், அந்தப் பையன் பில்லில் 40 ரூபாய் போட்டுக்கொண்டே இருந்தான். பதினொரு நாள். கண்ணில் தெரியாத 40 ரூபாயை வாங்கினால் ஜனம் சும்மா இருக்குமா? ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தோம். இரண்டு பேரும் அவரவருக்குச் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். போனில் எதைப் பேசினாலும் வைத்த உடனே பட்டியலில் ஒரு வரி: தேதி, என்ன முடிவு, யார் சொன்னது, யாருக்கெல்லாம் வேலை மாறுகிறது. அந்த வரி இல்லை என்றால் அந்த முடிவும் இல்லை. கடைக்காரருக்கும் அதே வரியை அனுப்பி "சரிதானே அண்ணா?" என்று கேட்டுவிடுவேன். ஒரே ஆபீஸில் இருந்தால் இந்த மாதிரி மறதியை டீக்கடையில் யாராவது பிடித்துவிடுவார்கள், நமக்கு அந்த டீக்கடை இல்லை.

கேள்வி: என் கீழ் வேலை செய்யும் பையன் நல்லவன், திறமைசாலி. ஆனால் எப்போது கேட்டாலும் "முடிஞ்சிடுச்சு மேடம், கொஞ்சம்தான் பாக்கி" என்பான். அந்தக் கொஞ்சம் இரண்டு வாரமாகப் பாக்கியாகவே இருக்கிறது. போன வாரம் போனையே எடுக்கவில்லை.
- வாசகி, கேத்தி

பதில்: இது உங்கள் பையனின் வியாதி மட்டும் இல்லை மேடம், நம் ஊர் முழுக்க இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது சார்" என்று ஐம்பது பேரும் கத்தி வளர்ந்தவர்கள்தானே நாம். மேலே இருப்பவரிடம் முடியவில்லை என்று சொல்ல வாய் வராது. எதிரில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம், வெறும் குரலில் பிடிக்க முடியாது.

கேள்வியை மாற்றுங்கள். "எவ்வளவு முடிஞ்சிருக்கு" என்று கேட்பதை விடுங்கள். தொண்ணூறு சதவீதம் என்பார், அடுத்த வாரமும் தொண்ணூறுதான். என் குழுவில் சதவீதம் சொல்வதே தடை. "இதுவரைக்கும் செய்ததை அப்படியே காட்டு, அரைகுறையா இருந்தாலும் பரவாயில்லை" என்று திரையைப் பகிரச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அதேபோல் "நாளைக்கு முடியுமா?" என்றால் "முடியும் மேடம்" என்ற பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "எந்த நாள் முடியும், அதற்கு எது குறுக்கே வரும்?" என்று கேட்டால் அவர் யோசித்தாக வேண்டும்.

இன்னொன்று, இது கொஞ்சம் கசக்கும். யாராவது முதல் தடவையாக "மேடம், மாட்டிக்கிட்டேன்" என்று சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நான் ஒரு முறை குழு மொத்தமும் இருந்த கூட்டத்தில் ஒரு பெண்ணிடம் சத்தம் போட்டுவிட்டேன். அப்புறம் ஆறு மாதம் எனக்கு ஒரு கெட்ட செய்திகூட வரவில்லை, நானும் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது வாரக் கூட்டத்தில் முதலில் என் தப்பைச் சொல்கிறேன். நடிப்பாக இல்லை, வாரத்துக்கு ஒன்று கிடைத்துவிடுகிறது.

போன் எடுக்காததற்கு உடனே சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டாதீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கலாம், அக்கா கல்யாணமாக இருக்கலாம், வாடகை வீட்டில் தண்ணீர் வராமல் அல்லாடிக்கொண்டிருக்கலாம். வாரத்துக்கு இருபது நிமிடம், வேலையைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்கவே கூடாத ஒரு போன் பேசுங்கள். முதல் இரண்டு வாரம் "நல்லா இருக்கேன் மேடம்" என்பதோடு நின்றுவிடும். மூன்றாவது வாரம் உண்மையான பேச்சு வரும்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. சென்னையில் இருக்கும் மேனேஜர் நான் சாக்குச் சொல்வதாக நினைக்கிறார். என்ன செய்வது அண்ணா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: அவர் மேல் கோபப்படாதீர்கள் தங்கச்சி. 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையைத் தாண்டி உங்கள் மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்து நாள்கணக்கில் கரண்டை நிறுத்தியது உங்களுக்கு நினைவிருக்கும், சென்னைக்காரருக்கு அது தொலைக்காட்சியில் பார்த்த செய்தி. அதனால் மழை வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட மழைக்கு முன்னாலேயே காலண்டரைக் காட்டுவது நல்லது. கொடைக்கானலுக்கும் எங்கள் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்கு கொட்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மேனேஜரிடம் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்: இந்த இரண்டு மாதம் வாடிக்கையாளருக்கு நேரடியாகக் காட்டும் வேலையை எனக்கு வைக்காதீர்கள், வைத்தால் இன்னொருவரையும் தயாராக வையுங்கள். குழுவில் இரண்டு மலைப்பக்கமும் ஆள் இருந்தால் இன்னும் வசதி, ஒருவருக்கு மழை என்றால் மற்றவர் பக்கம் பெரும்பாலும் லேசாக இருக்கும்.

சாமான் விஷயம். பெரும்பாலான ரூட்டர்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை, அதற்கென்றே குட்டி யுபிஎஸ் கிடைக்கிறது. வீட்டுக்கே இன்வெர்ட்டர் இல்லாவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள், இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஆனால் உங்கள் வீட்டு ரூட்டரில் விளக்கு எரிந்தாலும் கேபிள் ஆபரேட்டரின் பெட்டிக்குக் கரண்ட் போனால் நெட் வராது. ஆகவே ஃபைபர் ஒரு கம்பெனி, போனில் இருக்கும் சிம் வேறு கம்பெனி. செல் டவரும் நீண்ட மின்தடையில் பேட்டரி தீர்ந்து படுத்துவிடும் என்பதால் சிக்னல் எந்த ஊர் வளைவில் கிடைக்கும் என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்னதாகவே பேப்பரில் வந்துவிடும், அதை வெட்டி குழுவுக்கு அனுப்புங்கள். குரங்கு ஒயரை இழுத்துப் போடுவதற்கு மட்டும் முன்னறிவிப்பு கிடையாது.

வீடியோ கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரைகூடச் சாப்பிடும். கேமராவை அணைத்தால் சாப்பாடு பெருமளவு குறையும். நெட் இல்லாமல் செய்ய முடிந்த வேலையை ஒதுக்கி வையுங்கள். நீங்கள் புரோகிராம் எழுதுபவர் என்றால், புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கிட் (Git) என்ற சாஃப்ட்வேர் இதற்காகவே பிறந்த மாதிரி இருக்கும். உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த லினக்ஸ் ஆட்களுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் எழுதியது அது. வேலையின் முழு வரலாறும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், மூன்று நாள் நெட் இல்லாமல் எழுதிச் சேமித்துவிட்டு வந்தவுடன் அனுப்பலாம். அனுப்பும்போது "இந்த மூன்று நாளில் இது இது" என்று நாலு வரி சேர்த்து அனுப்புங்கள். இரண்டு தடவை அப்படிச் செய்துவிட்டால் மேனேஜர் சாக்கு என்ற வார்த்தையை மறந்துவிடுவார்.

கேள்வி: அமெரிக்க கம்பெனி வேலை. கூட்டம் எப்போது என்றே புரியவில்லை, ஒரு மாதம் ஆறரை, ஒரு மாதம் ஏழரை. மாமியாருக்கோ நான் பகலெல்லாம் சும்மா இருப்பதாக எண்ணம்.
- வாசகி, கூடலூர்

பதில்: மாமியார் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, கடிகாரத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நாம் எதையும் தொடுவதில்லை. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் அவர்கள் கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. கலிபோர்னியா என்றால் 9.30, 10.30. லண்டன் ஆளும் குழுவில் இருந்தால் இன்னும் கூத்து, அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாற்றுவார்கள், நடுவில் வரும் வாரங்களில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அழைப்பை அவர்கள் ஊர் நேரத்திலேயே காலண்டரில் போடச் சொல்லுங்கள், அது தானாக மாற்றிக் காட்டும்.

வாரத்துக்கு ஐந்து இரவுக் கூட்டம் என்றால் மூன்று தேவையில்லாதவை என்று தைரியமாகச் சொல்வேன். நிலவரம் சொல்வதற்கு மட்டும் கூடும் கூட்டத்தை எழுத்தாக்கிவிடலாம். நீங்கள் மாலையில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குங்கள், அவர்கள் காலையில் படித்துவிட்டு வேலை செய்யட்டும், நீங்கள் எழுந்தால் பதில் இருக்கும். சரியாக எழுதினால் இந்த நேர வித்தியாசம் உங்களுக்கு லாபம், ஒரே வேலை இரண்டு ஷிஃப்டில் ஓடும். "அந்த ஃபைல் வேலை செய்யவில்லை" என்று மொட்டையாக எழுதினால் எந்த ஃபைல் என்று கேட்டு ஒரு நாள் போய்விடும். தவிர்க்க முடியாத கூட்டம் இருந்தால் சில மாதம் உங்களுக்கு இரவு, சில மாதம் அவர்களுக்கு அதிகாலை என்று மாற்றிக் கேளுங்கள். கேட்டால் பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், நம் ஆட்கள் கேட்பதே இல்லை.

பகலில் அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், "வேலை நேரம் 1 முதல் 9" என்று. மாமியார் படிப்பாரா என்பது வேறு விஷயம்.

கேள்வி: புராஜெக்ட் ஒரு மாதம் தாமதம். இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் பிடித்துவிடலாமா?
- வாசகர், குன்னூர்

பதில்: மாட்டீர்கள். ஐந்து பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசும் இணைப்பு 10. ஒன்பது பேர் என்றால் 36. புதிதாக வந்த நாலு பேருக்கும் பழைய ஐந்து பேர்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் தூரத்தில் இருந்து. தாமதமான வேலை இன்னும் தாமதமாகும். வாடிக்கையாளரிடம் போய் எதை விடலாம் என்று பேசுங்கள். பத்து வசதி கேட்டவர் நாலு வசதியோடு கெடு தேதியில் கிடைத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்.

கேள்வி: வேலையை முடித்துக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. பெங்களூர் கம்பெனி பணம் தரவில்லை, நேரில் போய் உட்காரவும் முடியவில்லை.
- வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் உத்யம் என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்த சிறு நிறுவனமாக இருந்தால், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 எம்.எஸ்.எம்.இ. சட்டம் உங்கள் பக்கம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு செல்லாது, எழுத்தில் எதுவுமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அரசின் எம்.எஸ்.எம்.இ. இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். முதலில் இதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள், பல நேரம் அதிலேயே வந்துவிடும். பதிவு இல்லை என்றால் இன்றே செய்யுங்கள், இலவசம்தான், ஆனால் பழைய பில்லுக்கு அது உதவும் என்று நம்பாதீர்கள். அடுத்த வேலையில் முப்பது சதவீதம் முன்பணம், நடுவில் ஒரு தவணை. முழு வேலையையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது கடன் கொடுப்பது மாதிரி.

கேள்வி: இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. குழுவை மூன்று நாள் ஊட்டிக்குக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். பிரயோஜனம் இருக்குமா?
- வாசகர், அரவங்காடு

பதில்: கண்டிப்பாகக் கூப்பிடுங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது. சேர்ந்து சாப்பிட்ட ஆள் பிறகு மொட்டையாக ஒரு மெசேஜ் போட்டாலும் அது கோபம் இல்லை, அவர் எழுதுவதே அப்படித்தான் என்று நமக்குத் தெரியும். ஏப்ரல், மே மட்டும் வேண்டாம், அறை வாடகையைக் கேட்டால் பெங்களூரே மலிவு என்று தோன்றும். வெளியூர் வண்டியில் வருகிறவர்களை இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள், 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு வந்தால் சோதனைச் சாவடியிலேயே பிடுங்கிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். யாராவது மலை ரயிலில்தான் வருவேன் என்பார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், டிக்கெட்டும் சுலபத்தில் கிடைக்காது, அதை நம்பிக் கூட்ட நேரம் வைக்காதீர்கள்.

வந்தவர்களை அறையில் அடைத்து பவர்பாயின்ட் காட்டுவதற்கு இவ்வளவு செலவு வேண்டாம், அதை ஆன்லைனிலேயே செய்யலாம். நேரில் இருந்தால் மட்டுமே பேச முடிகிற விஷயத்தை எடுங்கள்: போன வருடம் எங்கே சொதப்பினோம், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல், அடுத்த வருடம் எந்த வாடிக்கையாளரை விட்டுவிடலாம். இதுவும் இரண்டாவது நாள்தான். முதல் நாள் ஒன்றும் வைக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்ததில் குறைந்தது இரண்டு பேராவது வாந்தி எடுத்துவிட்டுக் கம்பளிக்குள் படுத்திருப்பார்கள்.